ஒரே வகுப்பில் இரு நகரங்கள்

மத்திய அரசின் கணக்கில் கொல்கத்தாவும் பெங்களூருவும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவை. மக்கள்தொகை 50 லட்சத்தைத் தாண்டிய நகரங்கள் 'எக்ஸ்' வகுப்பு. 5 லட்சம் முதல் 50 லட்சம் வரை 'ஒய்'. அதற்குக் கீழுள்ளவை 'இசட்'. ஏழாவது ஊதியக்குழு இம்மூன்று வகுப்புகளுக்கும் வீட்டு வாடகைப் படியை முறையே 24, 16, 8 விழுக்காடு என வகுத்தது. அகவிலைப்படி உயர உயர அது 27, 18, 9 ஆகிப் பின்னர் 30, 20, 10 ஆயிற்று. எண்கள் மாறினாலும் மூன்றுக்கு இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் மாறவில்லை. ஆய்வு உதவித்தொகை பெறுவோரின் வாடகைப் படியும் இந்த நகர வகுப்பைப் பின்பற்றியே அமைகிறது. மும்பையில் அறை தேடுபவரும் கொல்கத்தாவில் அறை தேடுபவரும் இந்த அட்டவணையின் முன் சமம். நகரின் தலைகளை எண்ணுவது எளிது. அதன் வாசலில் கேட்கப்படும் தொகையை எண்ணுவதற்கு அட்டவணையில் இடமில்லை.

இந்த இடைவெளி என்ன செய்யும் என்பதை, முனைவர் பட்டத்தைக் கொல்கத்தாவில் முடித்து 2025ஆம் ஆண்டில் பெங்களூருவுக்குப் பெயர்ந்த ஓர் ஆய்வாளரின் கணக்கைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். அவர் தருமபுரி மாவட்டத்துச் சிற்றூரைச் சேர்ந்தவர், தந்தை கொத்தனார், குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் அவரே. கிழக்குக் கொல்கத்தா சதுப்புநிலங்களைப் பற்றி ஆய்வேடு எழுதியவருக்கு, பெங்களூரு ஏரிகளைப் பற்றிய ஓர் ஆய்வுத்திட்டத்தில் ரிசர்ச் அசோசியேட் பணி கிடைத்தது. நீரைப் படித்தவர் நீருக்காக நகரம் மாறினார் என்று நண்பர்கள் வேடிக்கையாகச் சொன்னார்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கணக்கு மிக எளிது. 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி முதுநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 42,000 ரூபாய்; ரிசர்ச் அசோசியேட் முதல்நிலைக்கு 58,000 ரூபாய். 16,000 ரூபாய் உயர்வு. 58,000க்கு 30 விழுக்காடு வாடகைப் படி என்று கொண்டால் 17,400. இரண்டும் சேர்ந்து 75,400. பெங்களூருவில் செலவு கூடும் என்றாலும் வருமானமும் கூடுகிறதே என்றுதான் ஆய்வகத்தில் எல்லாரும் வாழ்த்தினர். நகரங்களை ஒப்பிடும் அட்டவணைகள் எல்லாமே இந்த வடிவத்தில்தான் இருக்கின்றன: இடப்பக்கம் ஒரு நகரத்தின் மாதச் செலவு, வலப்பக்கம் இன்னொன்றின் மாதச் செலவு, அடியில் மிச்சம்.

ஆனால் அவர் 42,000 ரூபாயிலிருந்து 58,000 ரூபாய்க்குப் போகவில்லை. பூஜ்யத்திலிருந்து போனார். இளநிலை இரண்டு ஆண்டு, முதுநிலை மூன்று ஆண்டு என உதவித்தொகை ஐந்தாண்டோடு நின்றுவிடுகிறது. ஆய்வேடு அப்படி நிற்பதில்லை. களப்பணிக்கு ஒரு பருவமழை தப்பினால் ஓராண்டு போயிற்று. இவருக்கு உதவித்தொகை நின்றபின் ஆய்வேட்டை முடிக்க 14 மாதங்கள் பிடித்தன. அந்த மாதங்களில் மாலைநேர வகுப்புகள் எடுத்து மாதம் ஏறத்தாழ 12,000 ரூபாய் ஈட்டினார். செலவு 18,000: இருவர் பகிர்ந்துகொண்ட வீட்டில் தம் பங்கு வாடகை 7,500, சாப்பாடு 6,500, போக்குவரத்து 900, மின்கட்டணத்தில் பங்கு 1,100, மற்றவை 2,000. மாதந்தோறும் 6,000 ரூபாய் சேமிப்பிலிருந்து கரைந்தது. வீட்டுக்கு அனுப்பிவந்த பணத்தை நிறுத்தியும், 1,44,000 ரூபாயாக இருந்த சேமிப்பு 60,000 ஆகச் சுருங்கியிருந்த வேளையில்தான் பெங்களூருவிலிருந்து பணிநியமனக் கடிதம் வந்தது. ஆய்வு மாணவர்களில் பெரும்பாலோர் நகரம் மாறும் கட்டம் இதுவே: பட்டம் கைக்கு வரும், கையிருப்பு தீர்ந்திருக்கும்.

பெருநகரம் ஒன்றில் மாதம் 18,000 ரூபாயில் ஒருவர் வாழ முடிந்தது எப்படி என்பதற்கான விடை அவருடைய ஆய்வேட்டிலேயே இருந்தது. கொல்கத்தாவின் கிழக்கெல்லையில் 12,500 ஹெக்டேர் பரப்பில் விரிந்து கிடக்கும் சதுப்புநிலங்கள் 2002இல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டன. நகரின் கழிவுநீர் கால்வாய்கள் வழியாக இங்கே வந்து, 'பேரி' என்று வங்காளத்தில் வழங்கும் ஆழமற்ற மீன்குளங்களில் தேங்குகிறது. வெயிலும் பாசியும் அதைத் தூய்மையாக்குகின்றன; அந்தப் பாசியைத் தின்று ரோகுவும் கட்லாவும் வளர்கின்றன; வெளியேறும் நீர் காய்கறித் தோட்டங்களுக்கும் நெல் வயல்களுக்கும் பாய்கிறது. விடியற்காலையில் அந்த மீனும் கீரையும் சில மைல் தூரமே பயணித்து நகரத்துச் சந்தைக்கு வந்துவிடும். இந்த அமைப்பை ஆராய்ந்து உலகறியச் செய்த பொறியாளர் துருபஜோதி கோஷ் 2018இல் காலமாகும் வரை வலியுறுத்திய கருத்து ஒன்றுண்டு: கொல்கத்தா சூழலிடமிருந்து மானியம் பெற்று வாழும் நகரம். எங்கோ ஒரு தெருவோர உணவகத்தில் மீன்குழம்புச் சோற்றின் விலை குறைவாக இருப்பதற்குப் பின்னால், கட்டணம் வாங்காமல் வேலை செய்யும் இந்தக் குளங்களும், மிகக் குறைந்த வருமானத்தில் அவற்றைப் பராமரிக்கும் மீனவர் கூட்டுறவுகளும் இருக்கின்றன. அவர் சாப்பிட்ட மலிவான சாப்பாட்டுக்கு வேறு எவரோ ஒரு பங்கு செலுத்திக்கொண்டிருந்தார்கள்.

போக்குவரத்தும் அப்படியே. இந்தியாவின் முதல் மெட்ரோ 1984இல் கொல்கத்தாவில்தான் ஓடத் தொடங்கியது. அதன் குறைந்தபட்சக் கட்டணம் இன்றும் 5 ரூபாய். ஆட்டோக்கள் குறிப்பிட்ட தடங்களில் நான்கைந்து பேரை ஏற்றிக்கொண்டு பேருந்தைப் போல ஓடுகின்றன. தனியாக ஒரு வண்டியை அமர்த்த வேண்டிய தேவை அவருக்கு ஆறாண்டில் பத்துமுறை வந்திருந்தால் அதிகம். 2018இல் முதன்முதலாகக் கொல்கத்தாவில் வீடு எடுத்தபோது 12,000 ரூபாய் வாடகையை இருவர் பகிர்ந்தனர். முன்பணம் இரண்டு மாத வாடகை. அவர் பங்கு 12,000. முதல் மாத வாடகைப் பங்கு 6,000, தரகுப் பங்கு 6,000. ஆக 24,000 ரூபாய்க்குள் ஒரு பெருநகரம் அவரை உள்ளே விட்டது. சேர்ந்த ஐந்து மாதங்களுக்கு உதவித்தொகை வராமல் தாமதமானபோதும் அதனால்தான் தாக்குப்பிடிக்க முடிந்தது.

பெங்களூருவில் அவர் முதலில் கற்ற சொல் 'அட்வான்ஸ்'. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது அந்நகரத்தின் நெடுநாள் வழக்கம். ஒன்றிய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. மாதிரி என்பதால், மாநிலங்கள் தத்தம் சட்டமாக இயற்றினாலன்றி அது எவரையும் கட்டுப்படுத்தாது. தெருவில் செல்லுபடியாவது வழக்கமே. முழுத் தொகையையும் மொத்தமாகக் கொடுத்து வாடகையே இல்லாமல் குடியிருக்கும் போக்கிய முறையும் அங்கே பரவலாக உண்டு; கையில் பல லட்சம் உள்ளவருக்கு வாடகை இல்லை, கையில் ஒன்றுமில்லாதவருக்கு வாடகையும் முன்பணமும் உண்டு என்பது அதன் உட்பொருள்.

ஆய்வு நிறுவனத்துக்கு அருகில் அவர் கண்ட ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு வாடகை 17,000. கேட்ட முன்பணம் 1,70,000; பேசிப் பேசி ஆறு மாதமாகக் குறைத்து 1,02,000. முதல் மாத வாடகை 17,000. தரகு 17,000. ரயிலில் புத்தகப் பெட்டிகளை அனுப்பவும் தாம் வந்துசேரவும் 7,000. அடுப்பு, பாய், பாத்திரம், வாளி என்று குடித்தனம் தொடங்க 12,000. இதுவரை 1,55,000. புதிதாகச் சேர்பவருக்கு முதல் ஊதியம் வர இரண்டு மாதங்கள் ஆகும் என்று முன்னரே சொல்லப்பட்டிருந்தது. அதுவரை சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் 24,000, இரண்டாம் மாத வாடகை 17,000. மொத்தம் 1,96,000 ரூபாய். கையிலிருந்தது 60,000. மாதம் 75,400 ரூபாய் ஊதியம் உறுதியாகிவிட்ட ஒருவர், அந்த ஊதியத்தைத் தொடுவதற்கு முன் 1,36,000 ரூபாய் கடன்பட வேண்டியிருந்தது.

பெண்களுக்கான பி.ஜி. விடுதியில் சேர்ந்திருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. முன்பணம் குறைவு, சாப்பாடும் உண்டு. தம் ஒருவருக்கு என்றால் அதைத்தான் அவரும் தேர்ந்திருப்பார். ஆனால் அவர் பெங்களூருவைத் தேர்ந்ததற்கு ஏரிகள் மட்டும் காரணமல்ல. முப்பது ஆண்டுகள் சிமெண்டுத் தூசியிலும் கல் அறுக்கும் தூசியிலும் நின்ற தந்தைக்கு நுரையீரல் நலிந்திருந்தது. மாதம் ஒருமுறை பெங்களூருவில் உள்ள அரசு மருத்துவமனைக்கு வந்துபோக வேண்டும். விடியற்காலையில் வரிசையில் நிற்க வேண்டுமானால் முந்தைய இரவே நகரத்தில் இருக்க வேண்டும். பெண்கள் விடுதியில் தந்தைக்கு இடமில்லை. அவர் படுக்க ஓர் அறை தேவைப்பட்டது. கணக்கு முழுவதையும் மாற்றியது அந்த ஒரு தேவை.

வீடு தேடிய மூன்று வாரங்களில் வாடகையைவிட அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்விகள் வேறு. சைவமா? தனியாகவா இருப்பீர்கள்? ஊரில் எந்தத் தெரு? மூன்றாவது கேள்வியின் பொருள் தமிழ்நாட்டில் வளர்ந்த எவருக்கும் விளங்கும். கொல்கத்தாவில் வீட்டுக்காரர்கள் இரவு பத்து மணிக்குமேல் விருந்தினர் வரக்கூடாது என்றார்கள்; மீன் சமைப்பதைப் பற்றி எவரும் கேட்கவில்லை. பெங்களூருவில் மறுக்கப்பட்ட ஒவ்வொரு வீடும் அவரை நிறுவனத்திலிருந்து சற்றுத் தள்ளியோ, வாடகையில் சற்று மேலேயோ நகர்த்தியது. ஒருவர் செலுத்தும் வாடகையில் எத்தனை ரூபாய் வீட்டுக்கு, எத்தனை ரூபாய் மறுப்புகளுக்கு என்று பிரித்துக் காட்டும் ரசீது கிடையாது.

பணம் எங்கிருந்து வந்தது? 16,000 ரூபாய் கொல்கத்தாத் தோழி கொடுத்தது. 1,20,000 ரூபாய் தாயின் சங்கிலியும் வளையலும் வங்கிக்குப் போய் வந்தது. ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டி, ஆண்டு முடிவில் முதலும் வட்டியும் சேர்த்துத் திருப்ப வேண்டிய கடன். நகையை எடுத்துக் கொடுத்த தாய் ஒன்றும் சொல்லவில்லை. தந்தைதான் தொகையைக் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அட்வான்ஸே குடுக்காம அந்த ஊர்ல பத்து வருசம் இருந்தவன் நான்தாம்மா" என்றார். உண்மைதான். கட்டுமானம் நடக்கும் மனையிலேயே தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு, கட்டடம் எழும்பும்வரை இருந்து, ஜன்னலுக்குக் கண்ணாடி வந்ததும் அடுத்த மனைக்குப் பெயர்ந்த பத்தாண்டு அது. ஜெயநகரிலும் மத்திகெரேயிலும் எந்தெந்தத் தெருவில் தாம் சுவர் எழுப்பினார் என்று அவரால் இன்றும் சொல்ல முடியும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக ஆட்கள் அந்நகரத்துக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள். கட்டுவதற்கு வந்தவரிடம் நகரம் முன்பணம் கேட்பதில்லை. குடியிருக்க வந்தால் கேட்கிறது.

இந்தக் கடனை மாதக் கணக்கில் ஏற்றிப் பார்த்தால் ஒப்பீட்டு அட்டவணை மறைப்பது வெளிவரும். வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்கு. ஓராண்டுக்கு மேல் செல்லும் குத்தகையைப் பதிவுசெய்தாக வேண்டும் என்பதால் நாடெங்கும் நிலைபெற்றுவிட்ட எண் அது. 11 மாதத்துக்கு 1,20,000 ரூபாயின் வட்டி 9,900. வீட்டைக் காலிசெய்யும்போது சுண்ணாம்பு அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது: 17,000. இரண்டும் 26,900. மாதத்துக்கு 2,445 ரூபாய். ஆகவே அந்த வீட்டின் உண்மையான வாடகை 19,445. அரசு தரும் படி 17,400. வீட்டுக்காரரிடம் இருக்கும் 1,02,000 ரூபாய்க்கு அவர் வட்டி தரப்போவதில்லை. அதே பணத்துக்குத் தருமபுரியில் ஒரு குடும்பம் வட்டி கட்டிக்கொண்டிருக்கும். சேமிப்புள்ள வீட்டிலிருந்து வந்த சக ஆய்வாளருக்கு இதே வீடு அந்த 2,445 ரூபாயில் வட்டியின் பங்கு அளவுக்கு மலிவாகக் கிடைத்திருக்கும். வகுப்பு ஒன்று, படி ஒன்று, வீடும் ஒன்று. வாடகை மட்டும் அவரவர் பிறந்த வீட்டைப் பொறுத்தது.

நகரம் இலவசமாகத் தருபவையும் எல்லாருக்கும் ஒன்றுபோல் கிடைப்பதில்லை. 2023 ஜூனில் கர்நாடக அரசு தொடங்கிய சக்தித் திட்டத்தின் கீழ் பெண்கள் அரசின் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணிக்கலாம். ஆனால் கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டை வேண்டும். ஆதாரில் தருமபுரி முகவரி உள்ளவர் சீட்டு வாங்கியாக வேண்டும். ஒரே இருக்கையில் பக்கத்தில் அமர்ந்திருக்கும் பெண்ணுக்குப் பூஜ்யக் கட்டணச் சீட்டு, இவருக்குக் காசுக்குச் சீட்டு. ஒரு மாநில அரசு தன் மக்களின் வரிப்பணத்தில் தன் மக்களுக்கு முன்னுரிமை தருவதில் குறைசொல்ல ஏதுமில்லை. ஆயினும் நகரம் மாறுபவர் மிகவும் நெருக்கடியில் இருப்பது முதல் சில மாதங்களில். முகவரி கைக்கு வருவது அந்த மாதங்களுக்குப் பிறகு. மெட்ரோவும் கைகொடுக்கவில்லை. 2025 பிப்ரவரியில் பெங்களூரு மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ஆக உயர்ந்தது. கொல்கத்தாவில் மாதம் 900 ரூபாயில் முடிந்த போக்குவரத்து இங்கே 2,500 ஆயிற்று.

முகவரி கேட்காத ஒன்றும் இரு நகரங்களிலும் இருக்கிறது. 2017இல் பெங்களூருவில் திறக்கப்பட்ட இந்திரா உணவகங்களில் 5 ரூபாய்க்குக் காலைச் சிற்றுண்டி, 10 ரூபாய்க்கு மதியச் சாப்பாடு என்று தொடங்கினார்கள். 2021இல் மேற்கு வங்கத்தில் தொடங்கிய 'மா' உணவகங்களில் 5 ரூபாய்க்குச் சோறு, பருப்பு, காய், முட்டை. இரண்டுக்கும் முன்னோடி 2013இல் சென்னையில் திறந்த அம்மா உணவகம். முதல் ஊதியம் வரும்வரை மதியச் சாப்பாட்டுக்கு அவர் பெரும்பாலும் இந்திரா உணவகத்துக்கே போனார். அங்கு வரிசையில் நின்ற கட்டடத் தொழிலாளர்களில் சிலர் தருமபுரிப் பேச்சில் பேசிக்கொண்டிருந்தனர்.

தண்ணீர் பற்றிய வேறுபாடு அவருக்குப் பிறரைவிடக் கூர்மையாகத் தெரிந்தது. கொல்கத்தா ஊக்ளியின் கரையிலேயே இருக்கிறது. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல், பேராறு எதுவுமற்ற மேட்டில் அமைந்தது. ஒருகாலத்தில் ஏரிகளின் தொடரை நம்பி வாழ்ந்தது. 1974 முதல் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரி நீர் குழாய் வழியாக மேலேற்றப்படுகிறது. 2024 அக்டோபரில் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் தரும் ஐந்தாம் கட்டம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, தனியார் தண்ணீர் லாரிகளுக்கு மாவட்ட நிர்வாகமே விலை நிர்ணயிக்க வேண்டியதாயிற்று. குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், கோடையில் லாரித் தண்ணீர் வாங்க நேர்ந்தால் செலவு குடியிருப்போர் பங்கு என்று ஒரு வரி இருந்தது. கொல்கத்தாவில் கழிவுநீர் மீனாகித் தட்டுக்கு வந்தது. பெங்களூருவில் பெல்லந்தூர் ஏரியில் அது நுரையாகித் தெருவுக்கு வந்தது, 2017இல் தீப்பிடித்தும் எரிந்தது. ஒரு நகரம் மலிவா அன்றா என்பதில், அது தன் நீரை என்ன செய்தது என்பதற்கும் பங்குண்டு. ஏரிகளை இழந்த நகரத்தில் அந்த இழப்பு வீட்டுக்கு வீடு மாதக் கட்டணமாக வருகிறது.

இவ்வளவும் சொன்னபின், பெங்களூருவின் பக்கத்திலும் நேர்மையாக எழுத வேண்டியவை உண்டு. ஊதியம் வரத் தொடங்கிய பிறகு அவருடைய மாதக் கணக்கு இது: வாடகை 17,000, தண்ணீரும் பராமரிப்பும் 800, சாப்பாடு 8,000, போக்குவரத்து 2,500, மற்றவை 1,700; ஆக 30,000. வீட்டுக்கு 15,000, நகைக்கடனை மீட்க எடுத்துவைப்பது 15,000. மீதி 15,400. கொல்கத்தாவில் உதவித்தொகை வந்த நாட்களில்கூட இவ்வளவு நிம்மதியான கணக்கு அவருக்கு அமைந்ததில்லை. ஓராண்டைத் தாண்டிவிட்டால் இந்த நகரம் அவருக்குக் கட்டுப்படியாகும். மே மாதத்தில் மின்விசிறியோடு இரவைக் கழிக்க முடியும். மாநில அரசின் 200 யூனிட் இலவச மின்சாரம் வாடகைக்குக் குடியிருப்போருக்கும் உண்டு.

எல்லாவற்றையும்விட, ஊர் அருகில் வந்தது. ஹவுராவிலிருந்து சென்னைக்கு ஒரு முழுநாளுக்கு மேல். அங்கிருந்து தருமபுரிக்கு மேலும் ஓர் இரவு. ஆண்டுக்கு ஒருமுறைதான் ஊர்ப்பயணம். பாட்டி இறந்தபோது அவர் போய்ச் சேர்ந்தது அடக்கம் முடிந்து இரண்டாம் நாள். விமானத்துக்கு அந்த மாதம் பணமில்லை. பெங்களூருவிலிருந்து தருமபுரி 130 கிலோமீட்டர். ஓசூர் நெரிசலைச் சேர்த்தாலும் நான்கு மணி நேரத்துக்குள். கொல்கத்தாவில் ஆறாண்டு வாழ்ந்து அவர் மிச்சப்படுத்திய பணத்தில் ஒரு பகுதி, ஊருக்குப் போகாமல் மிச்சப்பட்டது. மலிவு என்று அட்டவணை காட்டிய நகரம் அந்த வகையில் மிக விலை கூடியதாக இருந்தது. மாறாக, கொல்கத்தா அவருக்குத் தந்த நட்புகளும், தேநீர்க்கடை பெஞ்சில் நேரம் பார்க்காமல் நீண்ட ஆய்வுரையாடல்களும் பெங்களூருவில் இன்னும் வாய்க்கவில்லை. இங்கே சந்திக்க வேண்டுமானால் முதலில் நாள் குறிக்க வேண்டும். இருவரும் நகரின் இரு முனைகளில் இருப்பார்கள்.

ஆகவே கேள்வி எந்த நகரம் சிறந்தது என்பதில் இல்லை. பெங்களூரு அவருக்குத் தகுந்த நகரம். பணி, தந்தையின் மருத்துவம், ஊரின் அண்மை எல்லாம் அங்கேதான். அந்தத் தகுந்த இடத்துக்குள் நுழைய 1,96,000 ரூபாய் வேண்டியிருந்தது என்பதும், அந்தத் தொகை எந்த விதியிலும் எந்த விண்ணப்பப் படிவத்திலும் இடம்பெறவில்லை என்பதுமே பேசப்பட வேண்டியவை.

இதற்கு முன்மாதிரி அரசிடமே உண்டு. மத்திய அரசு ஊழியர் ஒருவர் நகரம் விட்டு நகரம் மாற்றப்பட்டால், பயணச் செலவோடு, அடிப்படை ஊதியத்தில் 80 விழுக்காடு இடமாற்ற மானியமாக வழங்கப்படுகிறது. 58,000 ரூபாய்க்கு அதே விகிதத்தைப் பொருத்தினால் 46,400. இடம் மாறுவது செலவுள்ள செயல் என்பதை அரசு அறியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆய்வாளர் இடம் மாறும்போது மட்டும் அது விருப்பத்தின் பேரில் நடந்ததாகக் கருதப்படுகிறது. மானியம் தர இயலாவிட்டாலும் நிறுவனங்கள் தம்மளவில் செய்யக்கூடியவை உள்ளன. மூன்று மாத ஊதியத்தை வட்டியில்லா முன்பணமாகக் கொடுத்து 12 தவணைகளில் பிடித்துக்கொள்ளலாம். விருந்தினர் இல்லத்தில் அல்லது விடுதியில் முதல் மூன்று மாதங்களுக்கு அறை ஒதுக்கலாம். வீடு தேட அவகாசம் கிடைத்தால் தரகும் குறையும், முன்பணமும் குறையும். முதல் மாத ஊதியத்தை முதல் மாதத்திலேயே கொடுக்கலாம். கடைசியாகச் சொன்னதற்குக் கூடுதலாக ஒரு ரூபாயும் செலவில்லை.

அவருக்கு அடகு வைக்க ஒரு சங்கிலியும் இரண்டு வளையல்களும் இருந்தன. அதே பணிக்கான காத்திருப்போர் பட்டியலில் மேலும் இருவர் இருந்தனர். அவர் வர முடியாமற்போயிருந்தால் அந்த இடம் பத்து நாட்களில் நிரம்பியிருக்கும். நிறுவனத்தின் கோப்பில், 'சொந்தக் காரணங்களால் சேரவில்லை' என்ற ஒரு வரி மட்டும் இருந்திருக்கும். நாடெங்கும் ஆய்வு நிறுவனங்களின் கோப்புகளில் அந்த வரி உள்ள பக்கங்கள் எத்தனையோ. அவற்றில் எத்தனை பக்கங்களில் அந்தச் சொந்தக் காரணம் பத்து மாத அட்வான்ஸ் என்பதை நிறுவனங்கள் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.